நீல முனை

பூவம் என்ற ஊரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கால்சட்டைப் பைக்குள் கிடந்த இரும்புத் துண்டு ஒவ்வோர் அடிக்கும் தொடையில் இடித்தது. விரல் நீளம், கட்டைவிரல் பருமன், ஒரு முனையில் நீலப் பெயின்ட். அரசலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போதே அதை ஆற்றில் எறிந்துவிட நினைத்துக் கையைப் பைக்குள் விட்டேன். பாலத்தின் மேல் ஒரு பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார். அவருடைய தக்கைக்குப் பக்கத்தில்தான் அது விழும், விழுந்தால் திட்டுவார் என்று கையை வெளியே எடுத்துவிட்டேன். அன்றைக்கு என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. கடலுக்குப் போகப்போகும் மூன்று பேரைப் பற்றி யோசிக்காதவன், ஒரு கிழவரின் மீனைப் பற்றி யோசித்தான்.

கிளம்பிப் போவது எனக்குப் புதிதில்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டை விட்டு வந்தவன் நான். செங்கல் சூளை, கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை, திருப்பூரில் சாயப்பட்டறை, இரண்டு வருடம் லாரி கிளீனர். படுக்க இடம் கொடுத்தால் படுப்பேன், கொடுக்காவிட்டால் பஸ் ஸ்டாண்டு. இதைக் கஷ்டம் என்று சொல்லத் தோன்றியதில்லை. ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லவேண்டும். ஓர் இடத்தில் என் கையால் ஏதாவது கெட்டுப்போனால், அன்று சாயங்காலம் நான் அந்த ஊரில் இருக்கமாட்டேன். கரூரில் ஒரு கண்ணாடி. திருப்பூரில் ஒரு தொட்டி சாயம். யாரும் என்னைத் துரத்தியதில்லை. அதற்கு நேரம் கொடுத்ததில்லை நான்.

காரைக்காலுக்கு வந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. நாகூர் ரோட்டில், பாலத்துக்குத் தெற்கே ஓர் ஒர்க்‌ஷாப்பில் கம்பி அறுக்கும் மெஷினுக்கு ஆள் வேண்டும் என்று டீக்கடையில் சொன்னார்கள். நீளமும் இல்லாமல் அகலமும் இல்லாமல் ரோட்டை ஒட்டி நின்ற ஒரு தகரக் கொட்டகை. உள்ளே இரண்டு லேத்து, ஒரு அறுவை மெஷின், ஒரு சாணை, கேஸ் வெல்டிங், கம்பி அடுக்கும் ஸ்டாண்டு. அந்தக் கம்பிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர்தான் ஸ்டோர் அக்கா. அவருக்குப் பெயர் இருந்தது, யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சுரக்குடிக்காரர். வீட்டில் கொஞ்சம் நெல் நிலம், அதைக் கணவர் பார்த்துக்கொண்டார். இவர் காலையில் ஸ்கூட்டியில் வருவார். சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார். என்ன தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் பெயின்ட் இருக்கும்.

முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எந்த ஊரு தம்பி?” என்று கேட்டார்.

“எல்லா ஊருந்தாங்க்கா.”

“அப்ப எல்லா ஊருலயும் சாப்ட்டுட்டு வந்துட்டீங்களா, இல்ல இனிமேதானா?”

இனிமேல்தான் என்றேன். டப்பாவைத் திறந்து பாதிச் சோற்றை மூடியில் வைத்து நீட்டினார். வாழைக்காய் வறுவல் இருந்தது. அதற்குப் பிறகு என் ஊரைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.

எங்களிடம் வந்த கம்பியில் பெரும்பாலானவை எம்.எஸ்., அதாவது கரி மிகக் குறைவாகச் சேர்ந்த எஃகு. இருபது அடி நீளத்தில் கறுப்புத் தோலோடு வரும். வளைத்தால் வளையும், நிமிர்த்தினால் நிமிரும், வெல்டிங் நன்றாகப் பிடிக்கும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் விறைத்துப்போகாது. கடற்காற்றில் ஒரு வாரம் கிடந்தால் செம்மண் பூசினது மாதிரி துருப்பிடித்துவிடும். அதில் கூர் நிற்காது. “கத்தி பண்ண ஆகாது, கதவு பண்ணலாம்” என்பார் அக்கா. கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி, மாடு கட்டும் முளை, டிராக்டர் பெட்டியின் கொக்கி எல்லாம் அதில்தான் செய்தோம். தொட்டில் கட்டக் கொக்கி கேட்டு யாராவது வந்தால் மட்டும் அக்கா வேறு ஆளாகிவிடுவார். துருப்புள்ளி இல்லாத கம்பியாகத் தேடி எடுப்பார். வளைத்துக் கொடுத்த பிறகு, முனையை அரம் போட்டு ராவி, சட்டைக்கையை மேலே தள்ளிவிட்டுத் தன் முழங்கையின் உள்பக்கத்தில் தேய்த்துப் பார்ப்பார். தோலில் கோடு விழுந்தால் மறுபடி ராவுவார். வந்தவர்கள் பொறுமை இழந்து, “போதும்மா, புள்ளைக்கு முப்பது வயசு ஆயிடும் போலருக்கு” என்றாலும் விடமாட்டார்.

ஒருமுறை நான் ஏதோ உருக்கமான மனநிலையில், “மனுசனும் இந்த எம்.எஸ். மாதிரி வளைஞ்சு கொடுத்துப் போகணும்ல அக்கா” என்றேன். அவர் பெயின்ட் பிரஷைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “மனுசனையும் கம்பியையும் ஒண்ணாப் பேசாதீங்க தம்பி. கம்பி பொய் சொல்லாது” என்றார்.

எம்.எஸ். கம்பிக்கு இன்னொரு பெரிய வேலை நங்கூரம். பட்டினச்சேரி ஃபைபர் படகுகளுக்கு நாங்கள் செய்துகொடுத்தோம். ஒரு குழாயின் அடியில் நான்கு கம்பிகளை வெல்டு பிடித்து, விரல் மாதிரி மேலே வளைத்துவிட்டால் நங்கூரம். கடலுக்கடியில் பாறைத் திட்டுகள் உண்டு, அவர்கள் அதைப் பார் என்பார்கள். நங்கூரம் பாரில் மாட்டிக்கொண்டால் படகை ஓட்டி இழுப்பார்கள். எம்.எஸ். கம்பி மெல்ல நிமிர்ந்து கொடுத்து, நங்கூரம் வெளியே வந்துவிடும். கரைக்கு வந்து ஒரு பைப்பைச் செருகி மறுபடி வளைத்துக்கொள்வார்கள். நிமிராத கம்பியாக இருந்தால் படகின் முன்பக்கம் தண்ணீருக்குள் போகும். ஒடிகிற கம்பியாக இருந்தால் நங்கூரத்தை நம்பித் தூங்குகிறவர்கள் எங்கே போய் விழிப்பார்கள் என்று சொல்லமுடியாது.

இதே பருமனில், இதே கறுப்புத் தோலோடு இன்னொரு கம்பியும் ஸ்டாண்டில் இருந்தது. கரி கூடுதலாகச் சேர்ந்த கடினமான எஃகு. தேய்மானம் தாங்கவேண்டிய பின் ஆணி, ஷாஃப்ட் வகைகளுக்கு அதைத்தான் எடுப்போம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் கம்பி வந்து இறங்கியதும் அக்கா ஒரு முனையில் பெயின்ட் அடித்துவிடுவார். எம்.எஸ்.ஸுக்கு வெள்ளை, மற்றதற்கு நீலம். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம்: பெயின்ட் இல்லாத முனையிலிருந்துதான் அறுக்கவேண்டும். கடைசிச் சாண் மிச்சமாகும்வரை கம்பி தான் யார் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு தொல்லை. அடுக்கும்போது பெயின்ட் முனை வெளியே தெரியும்படிதான் அடுக்குவோம். அறுக்கவேண்டிய முனை உள்ளே இருக்கும். இருபது அடிக் கம்பியைக் கொட்டகைக்குள் திருப்ப இடமில்லை. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்து ரோட்டுக்கு வந்து, குறுக்கே திருப்பி, மறுபடி உள்ளே நுழையவேண்டும். அதற்கு வண்டிகளை நிறுத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அக்கா. நாகூர் ரோட்டின் நடுவில் நின்று அவர் கையைத் தூக்கினால் பஸ் நிற்கும். டிரைவர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். “உங்க கம்பிக்குத் தனியா ஒரு சிக்னல் வைக்கச் சொல்லுங்கக்கா” என்று எட்டிப் பார்த்துக் கத்துவார்கள். “மொதல்ல உங்க பஸ்ஸுக்கு பிரேக் வைக்கச் சொல்லுங்க” என்பார் அவர்.

நான் பூவத்துக்கு நடப்பதற்கு நான்கு நாள் முன்பு ஒரு மழை நாள். அக்கா சாப்பிட உட்கார்ந்திருந்தார். டிராக்டர் பெட்டிக்கு நாலு பின் அவசரமாக வேண்டும் என்றார்கள். ஏற்கெனவே பாதிக்கு மேல் அறுபட்டிருந்த நீலக் கம்பி ஒன்றை எடுத்தேன், அதைத் திருப்பவும் ரோட்டுக்குத்தான் போகவேண்டும். அவரை எழுப்பி, மழையில் ரோட்டில் நிறுத்தி, நானும் நனைந்து திருப்பவேண்டுமா என்று தோன்றியது. பெயின்ட் முனையையே மெஷினில் வைத்தேன். முனை கோணலாக இருந்ததால் முதலில் விரல் நீளம் அறுத்துத் தள்ளினேன், அது கழிவுத் தொட்டிக்குள் போய் விழுந்தது. பின்களை அறுத்தேன். ஏழடி நீளத்துக்கு மிஞ்சிய கம்பியை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, அப்புறம் அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. யாரோ மூலையைப் பெருக்கும்போது அதைப் பக்கத்திலிருந்த வெள்ளைக் கட்டின் மேல் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். மூன்று நாள் கழித்து இரண்டு நங்கூரங்களுக்குக் கம்பி எடுத்தபோது அது என் கைக்கு வந்தது. பெயின்ட் இல்லை. வெள்ளை உரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நங்கூரங்களின் எட்டு விரல்களில் மூன்றை அதிலிருந்து அறுத்துக் கொடுத்தேன். வெல்டர் வழக்கம்போலக் காய்ச்சி வளைத்தார், வழக்கம்போல வாளித் தண்ணீரில் முக்கினார். எம்.எஸ்.ஸை அது ஒன்றும் செய்யாது என்பதால் எல்லோருக்கும் பழகிப்போன வேலை. நீலக் கம்பி அப்படி முக்கினால் கண்ணாடி மாதிரி ஒடிகிறதாக ஆகிவிடும்.

இரண்டு நங்கூரங்களையும் மறுநாள் காலை எட்டு மணிக்குக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினோரு மணிக்குக் கழிவுத் தொட்டியைச் சாக்கில் கொட்டினேன். நீல முனைத் துண்டு மேலே உருண்டு வந்து நின்றது. மூன்று விரல்களும் அந்த நொடியே எனக்கு நினைவுக்கு வந்துவிட்டன. அடுத்த நாள் விடியற்காலையில் படகு கிளம்பும் என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தார். துண்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெல்டரிடம் சொன்னேன். அக்கா ஸ்டாண்டுக்குப் பின்னால் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். நான் வடக்கே நடந்தேன்.

கோட்டுச்சேரி தாண்டி, பூவம் வரும்போது ஒன்றரை மணி. அதற்கப்பால் புதுச்சேரி எல்லை முடிந்து தமிழ்நாடு. எல்லையில் நிற்கிற சாராயக்கடைகளுக்கு நடுவே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரப் பெண்மணி பாய்லருக்குப் பக்கத்தில் சேலையில் தொட்டில் கட்டியிருந்தார். குழந்தை தூங்கியது. தொட்டில் ஒரு கம்பிக் கொக்கியில் தொங்கியது. எனக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எழுந்து போய், தலையைத் தூக்கி, கொக்கியின் முனையில் விரலை வைத்தேன்.

“என்னங்க, புள்ளையப் பாக்குறீங்களா, கம்பியப் பாக்குறீங்களா?”

“கம்பியத்தாங்க.”

“கம்பிக்கு என்ன?”

“ஒண்ணுமில்லைங்க. நல்லா ராவியிருக்கு.”

அது எங்கள் பட்டறைக் கொக்கிதானா என்று இன்றும் தெரியாது. யாருடையதாகவும் இருக்கலாம். ஆனால் முனை வழவழவென்று இருந்தது. நங்கூரத்துக்குக் கம்பி கொடுத்ததாக எழுதிய சீட்டில் அக்காவின் கையெழுத்து இருக்கிறது என்பதும், அது ஒடிந்தால் அவர் தன் முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பினேன்.

துண்டை அவர் மேஜையில் வைத்துச் சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை விரல் என்று கேட்டார். மூன்று என்றேன். தண்ணீரில் முக்கினார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“எதுவரைக்கும் போனீங்க?”

“பூவம்.”

“நடந்தா?”

“போறப்ப நடந்து. வர்றப்ப பஸ்ஸு.”

“அப்ப சாப்புடலை” என்று சொல்லி ஒரு வாழைப்பழத்தை என் கையில் திணித்துவிட்டு ஸ்கூட்டிச் சாவியைத் தேடினார். “எந்திரிங்க, போவம். உரிச்சுக்கிட்டே வாங்க.”

பட்டினச்சேரியில் படகுக்காரர் வலைக்கு மேல் உட்கார்ந்து பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார். உரத்த குரல்காரர். எங்களைப் பார்த்ததும், “என்ன தங்கச்சி, நங்கூரம் குடுத்த அன்னிக்கே சீர் செய்ய வந்துட்டியா?” என்றார். மீன் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி, “இரும்புக்காரங்க வீடு தேடி வந்தா சீரா இருக்காது, வில்லங்கமாத்தான் இருக்கும்” என்றார்.

“எங்க கையில தப்பு வந்துருச்சுண்ணே” என்றார் அக்கா. எங்க என்றுதான் சொன்னார். நான் குறுக்கிட்டு, “நாந்தாங்க. கம்பி மாத்தி அறுத்துட்டேன்” என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை.

அவர் நம்பவில்லை. பைப்பை எடுத்து முதல் நங்கூரத்தின் விரலில் செருகி அழுத்தினார். அது அவர் சொன்னபடி நிமிர்ந்தது. நான்கும் நிமிர்ந்தன. “நல்லாத்தானேம்மா இருக்கு!” இரண்டாவது நங்கூரத்தில் முதல் விரலும் நிமிர்ந்தது. இரண்டாவதில் பைப்பைச் செருகி உடம்பைச் சாய்த்தார். டக்கென்று ஒரு சத்தம். பைப்போடு மணலில் விழுந்தார். ஒடிந்த துண்டு வலையில் போய் விழுந்தது. ஒடிந்த இடத்தில் சர்க்கரை மாதிரி சாம்பல் நிற மணிகள் மின்னின.

யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து, துண்டைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல ஆட்டினார். “நாளைக்கு என் மச்சானும் வர்றான். அவன் பொண்டாட்டிக்கு ஏழு மாசம்” என்றார். அவர் மனைவி மீனை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார். மற்ற இரண்டு விரல்களையும் சோதிக்க அவர் போகவில்லை. என்னைப் பார்த்து, “ஏன்யா வந்து சொன்ன? சொல்லாம விட்டுருந்தா யாருக்குத் தெரியப்போவுது?” என்று கேட்டார். அதட்டலாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

“பூவம்வரைக்கும் போனேங்க. அங்கேர்ந்து திரும்பிட்டேன்.”

அவர் என்னையே பார்த்தார். “பூவத்துக்குப் போயி குடிக்காமத் திரும்புன மொத ஆளு நீதான்யா” என்றார். முதலில் சிரித்தது அவர் மனைவிதான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழைய நங்கூரத்தோடு போய்க்கொள்கிறோம், இதை எடுத்துப் போய் ஒழுங்காகச் செய்து கொண்டுவா என்று ஸ்கூட்டியில் தூக்கி வைத்தார்கள். திரும்பும்போது நான் நங்கூரத்தை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

பட்டறையில் முதலாளி கத்தினார். இவன் இனி மெஷினைத் தொடக்கூடாது என்றார். அது நியாயம்தான். அவர் கத்தி முடிக்கும்வரை அக்கா நின்றுவிட்டு, “ஸ்டாண்டுல இருக்குற ஒரு கம்பியையும் இனி நம்ப முடியாதுங்க. அத்தனையையும் எடுத்துப் பாக்கணும். அதுக்கு ஒரு ஆள் வேணும்” என்றார். முதலாளி என்னைப் பார்க்காமல் தலையாட்டினார்.

அந்தப் பட்டறையில் பிறகு இரண்டரை வருடம் இருந்தேன். எனக்கு அது பெரிய காலம். சொல்லிக்கொண்டு கிளம்பிய முதல் இடமும் அதுதான். இப்போது வேறொரு ஊரில், பெரிய தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைக் கம்பியில் வைத்து அழுத்தினால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று திரையில் வருகிறது. யாரும் ரோட்டுக்குப் போகவேண்டியதில்லை. அக்கா முழங்கால் வலியால் வேலையை விட்டுவிட்டு சுரக்குடியில் இருக்கிறார். எப்போதாவது போன் செய்வார். “எந்த ஊரு தம்பி?” என்பார். சொன்னால், “சாப்ட்டாச்சா அந்த ஊருல?” என்பார். போன வாரமும் கேட்டார். பேசும்போது என் மேஜையில் தாள் பறக்காமல் வைத்திருக்கும் அந்தத் துண்டைத்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். நீலம் பாதிக்கு மேல் போய்விட்டது. மறுமுனை ஒரு பக்கமாகத் தேய்ந்து தட்டையாக இருக்கும். பூவத்துக்கு நடந்த அன்று அந்தத் தட்டை இல்லை. அது அடுத்த நாள் காலையில் வந்தது.

காலை ஏழரைக்குப் போனபோது அக்கா சாணைக்குப் பக்கத்தில் ஒரு புது வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு நின்றார். துண்டைக் கையில் கொடுத்தார். “இது நீலம்னு நமக்கு நல்லாத் தெரியும். மொதல்ல இதைத் தீட்டுங்க. பொறியைப் பாத்து வச்சுக்கங்க.” சாணையில் வைத்தேன். பொறிகள் கொஞ்ச தூரம் போய்க் கம்பி மத்தாப்பு மாதிரி கிளைகிளையாக வெடித்தன. இன்னும் கொஞ்சம் என்றார். நான் அதை மறக்கவே முடியாது என்று அவருக்குத் தோன்றும்வரை தீட்டவைத்தார். வெள்ளை என்றால் பொறி வெடிக்காமல் நீளநீளக் கோடாகப் போகும். பொறியும் பெயின்ட்டும் ஒத்துப்போனால் முனையில் மட்டும் அடிக்காமல் கம்பியின் முழு நீளத்துக்கும் ஒரு கோடு இழுத்துவிடவேண்டும், இனி எந்தப் பக்கம் அறுத்தாலும் தெரியட்டும் என்றார். அதுதான் வேலை. பெயின்ட் முனையில் தீட்டினால் இருக்கிற அடையாளம் போய்விடும், மறுமுனையில்தான் தீட்டவேண்டும். மறுமுனை உள்ளே இருந்தது.

முதல் கம்பியை உருவித் தோளில் வைத்தேன். அக்கா எனக்கு முன்னால் நடந்து போய் நாகூர் ரோட்டின் நடுவில் நின்று கையைத் தூக்கினார். காலை நேரத்துப் பஸ், படிக்கட்டெல்லாம் ஆள், முனகிக்கொண்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, “இன்னும் எத்தனைக்கா?” என்று கேட்டார்.

“நூத்துக்கு மேல இருக்கு, ஹாரன் அடிக்காதீங்க” என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, “வாங்க தம்பி, மெதுவா” என்றார்.